கயிற்றை இழுக்கும் முன் பிளக்கைக் கழற்றுங்கள்

வடகிழக்குப் பருவமழை இரண்டு சுற்று பெய்துவிட்டால் போதும், சென்னையில் தாம்பரத்தை ஒட்டிய சேலையூர், மாடம்பாக்கம், முடிச்சூர்ப் பக்கத்துக் காலி மனைகளில் புல் முழங்கால் உயரத்துக்கு வந்துவிடும். பாம்பு பயம் வேறு. கோடை முழுக்கக் குடியிருப்புச் சங்கத்தின் மூலையில் கிடந்த புல்வெட்டும் இயந்திரத்தை அப்போதுதான் தேடுவார்கள். கயிற்றை இழுத்து இழுத்துத் தோள்பட்டை வலிப்பதுதான் மிச்சம். எஞ்சின் அசைந்து கொடுக்காது.

பெட்ரோல் குழாய் திறந்திருக்கிறதா, சுவிட்ச் ஆனில் இருக்கிறதா, கைப்பிடியோடு சேர்த்துப் பிடிக்க வேண்டிய நெம்புகோலைப் பிடித்தாயிற்றா? சிரிக்க வேண்டாம், மெக்கானிக்குகள் கேட்கும் முதல் கேள்விகளே இவைதான்.

அடுத்து, அவர்கள் கை ஸ்பார்க் பிளக்குக்குப் போகும். அதன் முனை பெட்ரோலில் நனைந்திருந்தால் எரிபொருள் உள்ளே வருகிறது, எரியவில்லை என்று பொருள். சோக்கை நெடுநேரம் போட்டு இழுத்ததால் ஓவர்ஃப்ளோ ஆகியிருக்கலாம், பிளக்கில் கரி பிடித்துப் பொறி விழாமலும் இருக்கலாம். துடைத்து, காயவைத்து, கரியைச் சுரண்டிப் போட்டுப் பார்த்து, பிறகும் கிளம்பாவிட்டால் புது பிளக் வாங்குவதே லாபம். முனை உலர்ந்திருந்தால் கதை வேறு. பெட்ரோலே வந்து சேரவில்லை.

இங்கே குற்றவாளி பெரும்பாலும் பழைய பெட்ரோல். சென்னை வெயிலில் மாதக்கணக்கில் கிடந்தால் அதன் லேசான பகுதி ஆவியாகிவிடும். மிச்சம் பிசினாகி, கார்பரேட்டரின் மெல்லிய ஜெட் துளையை அடைத்துக்கொள்ளும். டேங்க் மூடியைத் திறந்ததும் வார்னிஷ் வாடை அடித்தால் சந்தேகமே வேண்டாம். போதாக்குறைக்கு, 2023 பிப்ரவரியில் நம் நாட்டில் 20 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோல் விற்பனைக்கு வந்தது. எத்தனால் காற்றிலிருக்கும் ஈரத்தை இழுக்கும். ஈரம் அளவு மீறினால் தண்ணீரும் எத்தனாலும் பிரிந்து டேங்கின் அடியில் தங்கும். எஞ்சினுக்குப் போகும் குழாய் தொடங்குவதும் அந்த அடியில்தான். பழையதை முழுக்க வடித்துவிட்டு, ஜெட்டைக் கிளீனர் தெளித்துச் சுத்தம் செய்ய வேண்டும். ஊசியால் குத்துவது நம்மவர்களின் வழக்கம். துளை பெரிதாகி, எஞ்சின் புகை கக்கத் தொடங்குவதுதான் அதன் பலன்.

வெள்ளத்தில் மூழ்கிய எஞ்சின் தனி ரகம். 2015 டிசம்பர் 2 காலையோடு முடிந்த 24 மணி நேரத்தில் தாம்பரத்தில் 49 சென்டிமீட்டர் மழை பதிவானது. அடையாறு கரை மீறி, முடிச்சூரும் வரதராஜபுரமும் நீரில் நின்றன. சிலிண்டருக்குள் புகுந்த தண்ணீர் பெட்ரோல் ஆவிபோல அமுங்காது. காரிலோ பைக்கிலோ அவசரப்பட்டு செல்ஃப் அடித்தால் கனெக்டிங் ராடு வளைந்துவிடும். புல்வெட்டிக்கும் முறை இதுதான்: முதலில் பிளக்கைக் கழற்றி, கயிற்றை மெதுவாக இழுத்துத் தண்ணீரை வெளியேற்ற வேண்டும். எஞ்சின் ஆயில் பால் நிறத்தில் இருந்தால் உள்ளே நீர் கலந்துவிட்டது, மாற்றியே ஆக வேண்டும்.

பெட்ரோல் நன்று, பொறியும் நன்று, ஆனாலும் கிளம்பவில்லையா? புல்லுக்குள் மறைந்திருந்த சர்வே கல்லில் பிளேடு மோதியதா என்று விசாரியுங்கள். சக்கரம் வைத்துத் தள்ளும் இயந்திரங்கள் பலவற்றில் பிளேடு கிராங்க் தண்டிலேயே நேராகப் பூட்டப்பட்டிருக்கும். மோதிய அதிர்ச்சியில் மேலே ஃப்ளைவீலைப் பிடித்திருக்கும் சிறு சாவி அறுந்துபோகும். ஃப்ளைவீல் கொஞ்சம் நகர்ந்தாலும் பொறி தவறான நேரத்தில் விழும், கயிறு கையை வெடுக்கென்று திருப்பி இழுக்கும். பல நாள் குழம்ப வைக்கும் இந்தக் கோளாறுக்குக் காரணமான சாவியின் விலையோ சொற்பம். தோளில் மாட்டும் புல்வெட்டியில் இந்தத் தொல்லை அரிது. அதற்கு வேறு வம்பு உண்டு: டூ ஸ்ட்ரோக் எஞ்சினுக்கு ஆயில் கலக்காத வெறும் பெட்ரோலை ஊற்றினால் பிஸ்டன் இறுகிவிடும்.

மழைக்காலம் முடிந்து இயந்திரத்தை மூலையில் வைக்கும்போது டேங்கைக் காலி செய்து, எஞ்சின் தானாக நிற்கும்வரை ஓடவிடுங்கள். ஒன்றை மட்டும் மறக்க வேண்டாம். பிளேடில் சிக்கிய புல்லை எடுக்கக் கையை நீட்டும் முன், பிளக் கப்பைக் கழற்றித் தள்ளி வையுங்கள். பிளேடைக் கையால் திருப்பினாலே எஞ்சின் கிளம்பிவிடக்கூடும்.