வீதியும் ஒற்றியும்: நெடுங்காலக் கடனைப் பற்றிச் சில சொற்கள்

(கமக்காரரும் உத்தியோகத்தரும் கூடியிருந்த கூட்டமொன்றில் நிகழ்த்தப்பட்ட உரை)



இன்று நாம் பேச வந்திருப்பது மேடைக்கு உகந்த பொருள் அன்று. கடனைப் பற்றிப் பேசுவோருக்குக் கைதட்டல் கிடைப்பதில்லை. ஆயினும், வீதியும் மின்சாரமும் குடிநீரும் புகையிரதமும் யாருடைய பணத்தில் உண்டாகின்றன, அப்பணம் எந்த நிபந்தனையில் தரப்படுகின்றது என்பதை அறியாத மக்கள், பிறர் எழுதிய உறுதியைப் படியாமலே அதில் ஒப்பமிடும் மக்களாகவே இருப்பர். பாக்குநீரிணைக்கு அப்பால் பாரத நாடு இத்துறையில் செய்தவற்றையும் பட்டறிந்தவற்றையும் எடுத்துக்காட்டாகக் கொண்டு பேசுவோம். எமது மொழியையும் எமது பயிரையும் ஒத்த மக்கள் வாழும் நாடு அது. அதன் கணக்கு எமக்கு விளங்கும் கணக்கு.

முதலில் அடிப்படையைக் காண்போம். ஒரு பாலம் தான் விழுங்கிய பணத்தைத் திருப்பித் தருவதற்கு இருபது, முப்பது ஆண்டுகள் செல்லும். நாம் வங்கியில் இடும் பணமோ பெரும்பாலும் ஓராண்டுக்கும் ஈராண்டுக்கும் உரியது. அடுத்த வைகாசியில் திருப்பித் தருவேன் என்று கைமாற்று வாங்கி, அந்தப் பணத்தில் பனங்கொட்டை நாட்டுகின்றவனைக் கண்டால் நீங்கள் என்ன சொல்வீர்கள்? பனை நல்ல மரந்தான். நிலமும் நல்ல நிலந்தான். ஆனால் வைகாசியில் கடன்காரன் படலையில் வந்து நிற்பான். பனையோ அப்பொழுது வடலியாகக்கூட இராது. சாதாரண வங்கி பெருவீதிக்குக் கடன் கொடுப்பதில் உள்ள இடர் இதுவே. ஆதலாற்றான், நீண்ட காலத்திற்குப் பணம் திரட்டி, நீண்ட காலத்திற்கே கடன் கொடுக்கும் தனி நிறுவனங்கள் தேவைப்பட்டன.

பாரதத்தில் 1948 இலேயே கைத்தொழில் நிதிக் கூட்டுத்தாபனம் தோன்றியது. 1955 இல் உலக வங்கியின் ஊக்கத்தோடு ஐ.சி.ஐ.சி.ஐ. நிறுவப்பெற்றது. அதே 1955 இல், அதே உலக வங்கியின் ஆலோசனையின் பேரில், எமது நாட்டிலும் இலங்கை அபிவிருத்தி நிதிக் கூட்டுத்தாபனம் சட்டத்தால் அமைக்கப்பட்டதைச் சபையிலுள்ள மூத்தோர் அறிவர். இவ்விரண்டின் பிற்கால வரலாறும் ஒன்றே. பாரதத்தில் 1990 களில் அரசின் மலிவான பணம் நின்றது. நீண்டகாலப் பணத்தைத் தேடி அலைவதிலும் பார்க்க மக்களின் வைப்புப் பணத்தைப் பெறுவது இலாபமென்று கண்டனர். 2002 இல் ஐ.சி.ஐ.சி.ஐ. தன் வங்கியோடு கலந்து வர்த்தக வங்கியாயிற்று. எமது கூட்டுத்தாபனத்தின் வழிவந்த நிறுவனமும் 2015 இல் அவ்வாறே ஆயிற்று. வீதிகளுக்கும் துறைமுகங்களுக்கும் என்றே 1997 இல் சென்னையைப் பதிவிடமாகக் கொண்டு எழுந்த ஐ.டி.எவ்.சி. தானும் 2015 இல் வங்கியைத் திறந்தது. பொறுமையான பணத்துக்கு வேலை உண்டு, ஆனால் இலாபம் குறைவு. அவ்வேலையில் நிற்போர் சிலரே.

அப்படி நின்றவற்றுள் கமக்காரர் கட்டாயம் அறிய வேண்டியது ஒன்று. 1965 முதல் பாரதத்தை மழையின்மை வாட்டியது. பஞ்சத்தின் விளிம்பில் நின்று, கோதுமைக்காக அமெரிக்கக் கப்பல்களை எதிர்பார்த்திருந்த காலம் அது. நிலத்தடியில் நீர் இருந்தது. இறைக்க மின்சாரம் இல்லை. அந்த அனுபவத்தின் பின்னர் 1969 யூலையில் கிராம மின்மயக் கூட்டுத்தாபனம் அமைக்கப்பட்டது. மாநில மின்சார சபைகளுக்குக் கடன் கொடுத்து, கம்பத்தையும் கம்பியையும் கிராமத்துக்குக் கொண்டுசென்று, கிணற்றடியில் இறைப்பு இயந்திரத்தை ஓடவிடுவதே அதன் பணி. நகர வங்கி எதுவும் அந்தக் கம்பத்தை ஈடாக ஏற்றிருக்க மாட்டாது. துலாவிலிருந்து மண்ணெண்ணெய் இயந்திரத்துக்கும், அதிலிருந்து மின்சாரத்துக்கும் மாறிய எமது தோட்டக்காரருக்கு அதன் பெறுமதியை நாம் சொல்ல வேண்டியதில்லை. பின்னாளில் நாடெங்கும் வீடுகளுக்கு ஒளியேற்றும் திட்டங்களையும் அரசு இக்கூட்டுத்தாபனத்தின் வழியாகவே நடத்திற்று. 2018 ஏப்பிரல் 28 இல் மணிப்பூர் மாநிலத்தின் லெய்சாங் என்னும் மலைக்கிராமத்துக்கு மின்சாரம் சென்றபோது, மின்சாரம் எட்டாத கிராமம் இனி இல்லையென்று அரசு அறிவித்தது. கிராமம் எட்டியது என்பது வேறு, ஒவ்வொரு வீடும் எட்டியது என்பது வேறு. அரசுக் கணக்கில் இந்த வேறுபாட்டை எப்பொழுதும் கேட்டறிதல் வேண்டும்.

இதற்குப் பணம் எங்கிருந்து வந்தது? ஒரு பகுதி அரசின் முதல். ஒரு பகுதி நீண்டகால முறிகள். சட்டத்தரணிகளுக்குச் சுவையான ஒரு வழியும் உண்டு. 1961 ஆம் ஆண்டின் இந்திய வருமான வரிச் சட்டத்தில் பின்னர் சேர்க்கப்பட்ட விதியொன்றின்படி, காணி விற்று இலாபம் கண்டவர் அந்த இலாபத்தை ஆறு மாதத்துக்குள் இக்கூட்டுத்தாபனத்தின் முறியில் இட்டால், குறித்த வரம்புக்குள் மூலதன இலாப வரி விலக்கப்பட்டது. பணத்தை மூன்றாண்டுக்குத் தொடலாகாது. 2018 இன் திருத்தத்தின் பின் ஐந்தாண்டு. பட்டணத்தில் காணி விற்றவனின் பணம் பட்டிக்காட்டில் மின்கம்பமாக நின்றது! சட்டத்தின் ஒரு வரி செய்யக்கூடிய வேலை இத்தகையது.

ஆனால் நோயும் கூடவே வந்தது. கூட்டுத்தாபனம் மின்சார சபைக்குக் கடன் கொடுக்கும். சபை யாரிடம் அறவிடும்? தமிழ்நாட்டில் 1990 முதல் கமக்காரர் அனைவருக்கும் இறைப்பு மின்சாரம் இலவசம். ஏழைக் கமக்காரனுக்கு அது உயிர் காத்த உதவி. அதை நாம் பழிக்க மாட்டோம். எனினும், இலவசத்துக்குரிய பணத்தை அரசுகள் சபைகளுக்கு முழுமையாகவும் உரிய காலத்திலும் செலுத்தாத இடங்களில் சபைகள் கடனில் மூழ்கின. 2015 நவம்பரில் தொடங்கிய மீட்புத் திட்டத்தின்படி, அதிற் சேர்ந்த மாநிலங்கள் தம் மின் விநியோக நிறுவனங்களின் கடனில் முக்காற் பங்கைத் தாமே ஏற்க வேண்டியதாயிற்று. பயனாளி செலுத்தாததை வரி செலுத்துவோன் செலுத்தினான். இருவரும் பெரும்பாலும் ஒரே ஆள் என்பது வேறு கதை.

புகையிரதப் பகுதிக்கு 1986 இல் தனியாக ஒரு நிதிக் கூட்டுத்தாபனம் அமைத்தனர். அது சந்தையில் கடன் எடுத்து, இயந்திரங்களையும் பெட்டிகளையும் வாங்கி, இந்தியப் புகையிரதத்துக்கே முப்பதாண்டுக் குத்தகைக்கு விட்டுவந்தது. நெடுங்காலமாக அதன் வாடிக்கையாளர் பெரும்பாலும் ஒருவரே, அவரும் அரசே. ஆகையால் அறவிட முடியாக் கடன் என்ற சொல்லை அது அறியாது. அதே ஆண்டில் மின்சக்தி நிதிக் கூட்டுத்தாபனமும் பிறந்தது. 2019 இல் கிராம மின்மயக் கூட்டுத்தாபனத்தில் அரசுக்கிருந்த 52.63 சதவீதப் பங்கை ஏறக்குறைய 14,500 கோடி ரூபாவுக்கு இந்த மின்சக்தி நிதிக் கூட்டுத்தாபனமே வாங்கியது. அரசு தன் இடக்கையிலுள்ளதைத் தன் வலக்கைக்கு விற்று, வரவுசெலவுத் திட்டத்தின் துண்டுவிழும் தொகையைக் குறைத்துக் காட்டியது. சட்டப்படி குற்றமில்லை. குடும்பத்தில் இவ்வாறு செய்தால் ஊர் சிரிக்கும்.

இனி, விழுந்தவரின் கதை. 1987 இல் இந்திய மத்திய வங்கி எனப் பெயரிய வர்த்தக வங்கியும், யூனிட் ட்ரஸ்ட்டும், வீடமைப்புக் கடன் நிறுவனம் ஒன்றும் சேர்ந்து ஐ.எல். அன்ட் எவ்.எஸ். என்ற நிறுவனத்தைத் தொடக்கின. பெருவீதிகள், சுரங்கப்பாதைகள், மின் நிலையங்கள் எல்லாவற்றிலும் அதன் கை இருந்தது. திருப்பூருக்கு நாளொன்றுக்கு 185 மில்லியன் லீற்றர் நீர் கொண்டுவந்த திட்டத்திலும் இருந்தது. அங்கே சாயப்பட்டறைகள் கூடிய விலை கொடுத்து நீர் வாங்கும், வீடுகளுக்கு மலிவாகக் கொடுக்கலாம் என்பதே கணக்கு. நொய்யல் ஆற்றை மாசுபடுத்தியமைக்காக 2011 சனவரியில் சென்னை மேல் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடுமாறு கட்டளையிட்டது; நீர் வாங்குவோர் குறைந்தனர்; கணக்கு சரிந்தது. ஆயினும் நிறுவனத்தை வீழ்த்தியது இத்தகைய தனித் திட்டங்கள் மட்டுமல்ல. பனங்கொட்டை நாட்ட அது கைமாற்று வாங்கியிருந்தது. சில மாதங்களில் மீளவேண்டிய கடனைப் புதுப்பித்துப் புதுப்பித்து, பல்லாண்டுத் திட்டங்களில் முடக்கியது. 2018 இல் புதுப்பிப்பது நின்றது. கிட்டத்தட்ட 91,000 கோடி ரூபாக் கடனோடும், முந்நூறுக்கு மேற்பட்ட துணை நிறுவனங்களோடும் அது தவணை தவறியது. அதன் கடனுக்கு உயர்ந்த தரம் கொடுத்திருந்த தரமிடுவோர், தரத்தைக் கடைசிப் படிக்கு இறக்கச் சில வாரங்களே எடுத்தனர். ஒக்டோபர் முதலாந் திகதி அரசு நீதிமன்றின் அனுமதியோடு பணிப்பாளர் சபையை நீக்கியது. ஊழியர் சேமலாப நிதிகள் சிலவும் அதன் கடன் பத்திரங்களை வைத்திருந்தன. அதாவது, எங்கோ ஓர் எழுதுவினைஞரின் ஓய்வுக்காலப் பணமும் அதில் இருந்தது.

இதனினும் முக்கியமாக எம்மைச் சிந்திக்க வைத்தது, அதே நிறுவனத்தின் வழியாகத் தில்லியையும் நொய்டாவையும் யமுனைக்கு மேலாக இணைத்த பாலத்தின் ஒப்பந்தம். அதைப் படிக்கும்போது எமக்கு ஒற்றி உறுதி நினைவுக்கு வந்தது. தேசவழமையின் கீழ் ஒற்றி என்றால் என்னவென்று இங்கு யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. பணம் கொடுத்தவர் காணியை ஆள்வார். வட்டிக்குப் பதிலாக விளைவை எடுப்பார். முதலைச் செலுத்தினால் காணி மீளும். மீளாத ஒற்றி ஒற்றியன்று, அது விற்பனை.

1997 இல் எழுதப்பட்ட அந்த ஒப்பந்தம் பாலத்தை முப்பதாண்டுக்கு நிறுவனத்திடம் ஒப்படைத்தது. சுங்கமே விளைவு. முதலும், அதன்மேல் ஆண்டுக்கு 20 சதவீத வருவாயும் கிடைக்கும்வரை பாலம் நிறுவனத்தினுடையது. அந்த 20 சதவீதம் ஓராண்டில் கிடையாதாயின், குறைந்த தொகை முதலோடு சேரும். கணக்குப் போட்டுப் பாருங்கள். முதல் 100 ரூபா. வருவாய் 20 ரூபா வரவேண்டும். சுங்கத்தில் 12 ரூபாதான் மிஞ்சியது. அடுத்த ஆண்டில் முதல் 108. அதற்கு 21 ரூபா 60 சதம் வரவேண்டும். மீண்டும் 12 தான் வந்தால் மூன்றாம் ஆண்டில் முதல் 117 ரூபா 60 சதம். செலுத்தச் செலுத்த வளரும் முதல் இது. 2001 இல் திறந்த அப்பாலத்தில் வாகனம் எவ்வளவு ஓடினாலும், ஒற்றி மீளும் நாள் கண்ணுக்கு எட்டவில்லை.

அவ்வூர்க் குடியிருப்பாளர் சங்கங்களின் கூட்டமைப்பு 2012 இல் வழக்கிட்டது. 2016 ஒக்டோபரில் அலகாபாத் மேல் நீதிமன்றம் சுங்கத்தை நிறுத்தியது. 2024 டிசம்பர் 20 இல் இந்திய உச்ச நீதிமன்றம் அத்தீர்ப்பை உறுதிசெய்தது. கேள்விப்பத்திரம் கோராமல் நிறுவனத்தைத் தெரிந்ததையும், சுங்கம் விதிக்கும் அதிகாரத்தை வரம்புமீறி ஒப்படைத்ததையும், முதலும் இலாபமும் ஏற்கெனவே கைவந்துவிட்டதையும் நீதிபதிகள் சுட்டினர். வெற்றிதான். ஆனால் ஒப்பந்தம் எழுதிய நாளிலிருந்து இறுதித் தீர்ப்புவரை இருபத்தேழு ஆண்டுகள்! உறுதி எழுதப்படும் அன்றே அந்த ஒரு பந்தியைப் படித்துக் கேள்வி கேட்க ஒருவர் இருந்திருந்தால், இத்தனை ஆண்டு வேண்டியிராது.

அப்படியாயின் சிறிய ஊர்கள் என்ன செய்யலாம்? தமிழ்நாட்டின் அனுபவம் ஒன்றைச் சொல்கின்றோம். 1996 இல் அங்கே நகர அபிவிருத்தி நிதியம் அமைக்கப்பட்டது. 2002 இல் பதின்மூன்று சிறிய உள்ளூராட்சி மன்றங்களின் குடிநீர், கழிவுநீர்த் திட்டங்களை ஒன்றாகச் சேர்த்து ஏறக்குறைய 30 கோடி ரூபா முறி வெளியிடப்பட்டது. தனித்தனியாகச் சந்தைக்குப் போனால் அந்த மன்றங்களை யாரும் திரும்பிப் பார்த்திருக்கமாட்டார்கள். பதின்மூன்றும் சேர்ந்தபோது, ஒன்றின் குறையை மற்றொன்று தாங்கும் என்ற நம்பிக்கையில் நீண்டகாலப் பணம் வந்தது. வெளியார் பிணையும் ஓரளவு இருந்தது. சீட்டுக் கட்டிப் பழகிய எமது மக்களுக்கு இதன் தத்துவம் புதிதன்று.

எமது நாட்டில், உள்ளூராட்சி மன்றங்களுக்குக் கடன் கொடுப்பதற்கென்று உள்ளூர்க் கடன் அபிவிருத்தி நிதி 1916 இலேயே கட்டளைச் சட்டத்தால் ஏற்படுத்தப்பட்டது. பதின்மூன்றாவது திருத்தம் மாகாண சபைக்குக் கடன் எடுக்கும் உரிமையைத் தந்தபோதும், பாராளுமன்றச் சட்டம் அனுமதிக்கும் அளவிற்கே தந்தது. அந்த உரிமையையும் கேட்டுப் பெற ஆளின்றி, வட மாகாண சபையின் காலம் 2018 ஒக்டோபரில் முடிந்தது. இதனை நாம் குறையாகச் சொல்லி அமர விரும்பவில்லை. 2025 மே மாதத்தில் வாக்களித்துப் பிரதேச சபைகளுக்கு உறுப்பினரை அனுப்பியுள்ளீர்கள். குளத்துக்கும் வீதிக்கும் குடிநீருக்கும் யார் பணத்தோடு வந்தாலும், அவர்களிடம் கேட்கவேண்டியவற்றை அந்த உறுப்பினருக்கு நீங்கள் சொல்லிக்கொடுக்க வேண்டும். பணம் எத்தனை ஆண்டுக்கு உரியது? வருவாய் குறைந்தால் குறைவு எவர் தலையில்? வேறு யாரிடமும் விலை கேட்கப்பட்டதா? ஒற்றி எந்நாளில் மீளும், அந்நாள் உறுதியில் எழுதப்பட்டுள்ளதா?

இக்கூட்டத்தில் உள்ள சட்டத்தரணிகள் மூவர், கணக்காளர் இருவர் சேர்ந்து, எமது பகுதிப் பிரதேச சபைகள் பெற்றுள்ள கடன்களின் உடன்படிக்கைப் பிரதிகளைத் தகவல் அறியும் சட்டத்தின் கீழ்ப் பெற்றுப் படிப்பதற்கு இசைந்துள்ளனர். படித்தவற்றை அடுத்த கூட்டத்தில் தமிழில் வாசிப்பர். தோட்ட வேலை இருப்போர் நேரத்தோடு போகலாம். கேள்வி இருப்போர் இப்பொழுது கேட்கலாம்.