கப்பலில் வந்த ரீச்சர்மார்

(பாலாவியில் நடைபெற்ற நூற்றாண்டு ஒன்றுகூடலில் ஆற்றிய உரை)



ஆரம்பகால மிஷனரி ஆசிரியைகளைப் பற்றிப் பேசும்படி என்னிடம் கேட்டார்கள். அவர்கள் செய்த சேவையை ஒவ்வொரு பரிசளிப்பு விழாவிலும் கேட்டுக் கேட்டே வளர்ந்தவர்கள் நாங்கள். அதை விட்டுவிட்டு வேறொன்றைப் பார்ப்போம். முன்பின் தெரியாத ஊருக்கு இளம் வயதில் வந்த அந்தப் பெண்கள் இங்கே எப்படி இருந்து பிடித்தார்கள்? நம் பள்ளி உடுவில் அல்ல. ஆனாலும் வடக்கில் பெண்பிள்ளைகள் படித்த கதையை உடுவிலைத் தொடாமல் சொல்ல முடியாது.

ஹரியற் வின்ஸ்லோ அமெரிக்காவின் கனெக்ரிகற் மாநிலத்தில் நோர்விச் என்ற ஊரில் 1796இல் பிறந்தவர். 1819இல் கலியாணம் முடித்து, அதே வருஷம் கணவர் மைரன் வின்ஸ்லோவுடன் பொஸ்ரனில் கப்பல் ஏறினார். அப்போது வயது 23. இன்று நம் பிள்ளைகள் ரொறன்ரோவில் இறங்கியதும் வட்ஸ்அப்பில் முகம் காட்டுகிறார்கள். ஹரியற் தாய்க்கு ஒரு கடிதம் எழுதினால் அது போய்ச்சேர மாதக்கணக்காகும். பதில் வர ஏறக்குறைய ஒரு வருஷம். அதற்குள் கேள்வி கேட்டவருக்கே கேள்வி மறந்துவிடும்.

அவர்களுக்குப் பின்னால் ஆட்கள் வந்து சேரவும் வழியில்லாமல் போயிற்று. ஆளுநர் பார்ன்ஸ் காலத்தில், 1820இல், புதிய அமெரிக்க மிஷனரிகள் இலங்கைக்கு வரக் கூடாதென்று அரசாங்கம் தடுத்தது. 1833 வரை அந்தத் தடை நீடித்தது. ஹரியற் அந்த 1833 ஜனவரியிலேயே இறந்துபோனார். பெற்ற பிள்ளைகளில் சிலரை அதற்கு முன்னரே சாகக்கொடுத்திருந்தார். 1824இல் அவர் தொடங்கிய பெண்கள் விடுதிப் பள்ளி நின்றுவிடவில்லை. ஸ்போல்டிங் தம்பதியர் அதைப் பொறுப்பேற்றார்கள்.

அந்தப் பள்ளி தொடங்கிய விதத்தைப் பற்றி வழிவழியாக வரும் ஒரு கதை உங்களுக்கும் தெரிந்திருக்கும். மழை பிடித்துக்கொண்ட ஒரு மாலை, மிஷன் வீட்டுக்கு வந்த சிறுமிகள் இருவர் வீடு திரும்ப முடியாமல் அங்கேயே தங்கி, கொடுத்ததைச் சாப்பிட்டு, உறங்கிப்போனார்கள் என்பதே அது. அந்நியர் வீட்டில் கை நனைப்பது அந்தக் காலத்தில் சின்னக் காரியமல்ல. நாங்கள் இந்தக் கதையை வெள்ளைக்காரப் பெண்ணின் அன்புக்கு உதாரணமாகச் சொல்லுவோம். எனக்கு அந்தச் சிறுமிகளின் துணிவுதான் பெரிதாகப் படுகிறது. ஊரிலிருந்து யாராவது வந்து கை நனைக்கும்வரை வந்தவர் விருந்தாளிதானே?

இன்னொன்றையும் ஒளிக்காமல் சொல்லவேண்டும். அந்தப் பெண்கள் நம்மை இருளில் கிடப்பவர்களாக எண்ணித்தான் வந்தார்கள். நம் கோயில்களையும் வழக்கங்களையும் பற்றி அவர்களுடைய ஆட்கள் எழுதியவற்றை இன்று வாசித்தால் மனம் நோகும். அதற்காக அவர்கள் தந்த எழுத்தை வேண்டாமென்று தள்ளவும் முடியாது. அவர்கள் நம்மிடமிருந்து கற்றதும் இருக்கிறது. ஊர்ப் பண்டிதர்களிடம் உட்கார்ந்துதான் தமிழ் படித்தார்கள். மைரன் வின்ஸ்லோவின் பெயரில் 1862இல் வெளிவந்த தமிழ்–ஆங்கில அகராதியில் 67,000 சொற்களுக்கு மேல் இருக்கின்றன. அத்தனையும் நம் ஆட்களின் வாயிலும் ஏட்டிலும் இருந்த சொற்கள்.

இனி எலைசா அக்னியூவுக்கு வருகிறேன். நியூயோர்க்கில் 1807இல் பிறந்தவர். சிறுவயதில் பள்ளிக்கூடத்துப் பூமிசாத்திர வகுப்பிலேயே மிஷனரியாகப் போவதென்று முடிவெடுத்தாராம். ஆனாலும் பெற்றோர் இருக்கும்வரை கூட இருந்து பார்த்துவிட்டு, 1839இல்தான் புறப்பட்டார். 1840 தொடக்கத்தில் யாழ்ப்பாணம் வந்தார். கலியாணமில்லை; துணையென்று ஒருவருமில்லை. உடுவில் பள்ளியை ஏறத்தாழ 40 வருஷம் நடத்தினார். ஒரு தடவைகூட ஊர் திரும்பவில்லை. விடுமுறைக்குக்கூடப் போகவில்லை.

அவரிடம் படித்த பெண்கள் ஆயிரத்துக்கு மேல் என்பார்கள். ஆயிரம் பிள்ளைகளின் தாய் என்ற பெயரும் அதனால்தான். முதலில் படித்தவர்களின் பெண்மக்கள் படித்தார்கள். பிறகு பேரப்பிள்ளைகளும் வந்தார்கள். ஆனால் என் மனதில் நிற்பது அந்த எண்ணிக்கையல்ல. பள்ளி விடுமுறை விட்டதும் அவர் கிராமம் கிராமமாகப் போய், கலியாணமாகிப் போன பழைய மாணவிகளை வீட்டு வாசலில் தேடிப் பார்ப்பாராம். கூட்ட அறிக்கையும் சந்தாப் புத்தகமும் இல்லாத பழைய மாணவிகள் சங்கம் அது! அவர்கள் வளவுகளுக்குள் போய் உட்கார்ந்ததுதான் அவரை அந்த ஊராளாக்கியது என்று நினைக்கிறேன். 1879இல் ஓய்வு பெற்று மானிப்பாய்க்குப் போனபோது, பின்னர் அமெரிக்காவிலிருந்து வந்த லீச் சகோதரிகள் இருவர் அவரைப் பராமரித்தார்கள். 1883இல் மானிப்பாயில் இறந்தார்.

இதையெல்லாம் பாலாவியில் வந்து சொல்லுவதற்கு ஒரு காரணம் உண்டு. 1990 ஒக்ரோபரில் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்ட முஸ்லிம் குடும்பங்கள், உடுத்த உடுப்போடு இந்தக் கரையில் வந்து இறங்கின. கப்பலில் வந்தவர்கள் விரும்பி வந்தார்கள். இவர்கள் விரும்பி வரவில்லை. இரண்டையும் ஒன்றாக்க மாட்டேன். ஆனால் கற்பிட்டிப் பாதை பிரிகிற இந்தச் சந்தியைச் சுற்றி முகாம்கள் எழுந்தபோது, சோறு தந்த புத்தளத்து ஆட்களுக்கு அடுத்தபடியாக அங்கே பிள்ளைகளைக் கூட்டிவைத்துக் கொப்பியைத் திறக்கச் சொன்னவர்கள் யார்? தாங்களே அகதிகளாக இருந்த தொண்டர் ஆசிரியைகள். கிடுகுக் கொட்டிலில் நின்று படிப்பித்தவர்கள். சம்பளம் எப்போது வரும், வருமா என்றுகூடத் தெரியாமல் படிப்பித்தவர்கள். ஊருக்குத் திரும்புவோமா, இங்கேயே வீடு கட்டுவோமா என்று வருஷக்கணக்காக முடிவெடுக்க முடியாமலிருந்தவர்களும் அவர்களே.

எலைசா அக்னியூவைப் பற்றி எழுதிவைக்க லீச் சகோதரிகள் இருந்தார்கள். அதனால்தான் 140 வருஷத்துக்குப் பிறகும் நான் அவரைப் பற்றிப் பேசுகிறேன். நம் தொண்டர் ஆசிரியைகளைப் பற்றி எழுதியவர்கள் யார்? அவர்களில் சிலர் இன்று எழுபதைத் தாண்டிவிட்டார்கள். சிலர் மௌத்தாகியும் விட்டார்கள்.

செயலாளரிடம் ஒரு கொப்பி கொடுத்திருக்கிறேன். தேநீர் குடிக்கும்போது அது உங்களிடம் வரும். உங்களுக்கோ உங்கள் பிள்ளைகளுக்கோ முகாமில் படிப்பித்த ரீச்சரின் பெயர், எந்த முகாம், எந்த வகுப்பு, எந்த வருஷம் என்று எழுதுங்கள். பெயர் மறந்திருந்தால் ஊரை எழுதுங்கள். வெளிநாட்டில் இருந்து இந்த மலரை வாசிப்பவர்கள் சங்கத்துக்குக் கடிதம் போடலாம்.