சுருட்டுக் கொட்டிலும் சேமலாப நிதியும்

தமிழ்நாட்டுத் தொழிலாளிக்கு நோயிலும் பேறுகாலத்திலும் கைகொடுப்பதற்கு 1948ஆம் ஆண்டின் சட்டத்தால் தொடங்கிய ஊழியர் அரசுக் காப்புறுதி இருக்கின்றது. இலங்கையில் அத்தகைய சட்டம் இல்லை. இங்கே இலவச அரசாங்க வைத்தியசாலை உண்டு. எனினும் முதலாளி செலுத்தவேண்டிய உதவுதொகை பற்றிய பிணக்கு இங்கும் இல்லாமற் போகவில்லை. அது 1958ஆம் ஆண்டின் 15ஆம் இலக்க ஊழியர் சேமலாப நிதிச் சட்டத்தின் வழியே எழுவது.

தொடக்கத்தில் முதலாளியின் பங்கு நூற்றுக்கு 6, தொழிலாளியின் பங்கு 4. இன்று அவை 12, 8. மாதம் 40,000 ரூபா பெறுபவருக்காக முதலாளி தம் கையிலிருந்து 4,800 ரூபாவும், ஊதியத்திற் கழித்த 3,200 ரூபாவும் அடுத்த மாத முடிவுக்குள் செலுத்தல் வேண்டும். கழித்த பணத்தையும் கட்டாது வைத்திருப்பவரை என்ன பெயரால் அழைப்பது என்பதை நேயர்களே தீர்மானிக்கலாம்.

யாழ்ப்பாணத்துச் சுருட்டுக் கொட்டிலொன்றை எண்ணிப் பாருங்கள். “இவர் என் ஊழியர் அல்லர், சுற்றிய சுருட்டுக்குக் கூலி வாங்கிச் செல்பவர்” என்று முதலாளி வாதிப்பதுண்டு. ஆனால் சட்டம் கூறும் சம்பாத்தியத்துள் துண்டுக் கணக்குக் கூலியும் அடங்கும். மேலதிக நேரக் கொடுப்பனவு அடங்காது.

உதவுதொகை தாமதித்தால் மேலதிகக் கட்டணம் நூற்றுக்கு 5இல் தொடங்கி, ஓராண்டு கடந்தபின் 50 வரை ஏறுகின்றது. அப்பாலும் கட்டாதவர் மீது தொழில் ஆணையாளர் நீதவான் நீதிமன்றத்துக்குச் சான்றிதழ் அனுப்புவார். அச்சான்றிதழிலுள்ள கணக்குச் சரியா, பிழையா என்று ஆராய நீதவானுக்கு அதிகாரமில்லை. தொகை தண்டப் பணம்போல் அறவிடப்படும். ஆகையால், கணக்கைப் பற்றிப் பேசவேண்டிய இடம் தொழிற் திணைக்கள விசாரணையே. நீதிமன்றப் படியேறிய பின்னர் பேரேட்டைத் தேடுவோர் பிந்திவிட்டனர்.

அப்பேரேடுதான் குடாநாட்டிற் பெருஞ் சிக்கல். 1995ஆம் ஆண்டு ஒக்டோபர் இறுதியில் வலிகாமத்தை விட்டு வெளியேறியோர் எல்லாரும் சம்பளப் புத்தகத்தைச் சுமந்து சென்றிருக்க முடியாது. எத்தனை ஆண்டு உழைத்தார் என்பதை அறிந்த சாட்சி சிலவேளை பக்கத்திலிருந்து சுருட்டுச் சுற்றிய மற்றத் தொழிலாளி ஒருவரே.

ஆண் 55 வயதிலும் பெண் 50 வயதிலும் பணத்துக்கு விண்ணப்பிக்கும்போதே பலருக்குக் குறை தெரியவருகின்றது. அதற்குள் கொட்டில் பூட்டப்பட்டிருக்கலாம், முதலாளியும் மறைந்திருக்கலாம். மத்திய வங்கியின் கணக்குக் கூற்றை ஆண்டுதோறும் பார்ப்பவருக்கோ, முதல் மாதம் விடுபட்டபோதே தொழிற் திணைக்களத்துக்கு எழுத நேரம் கிடைக்கின்றது.