மருந்து கேட்காத இருமல்

ஆலங்குளம், சிவகாசிப் பக்கம் 'மருந்து' என்றால் முதலில் நினைவுக்கு வருவது பட்டாசுக்குள் செலுத்துகிற மருந்துதான். மாத்திரை மருந்தெல்லாம் அப்புறம். இன்று பேசப்போவது அந்த மாத்திரை மருந்துக்கும் கேட்காத ஒரு கிருமியைப் பற்றி.

இந்தியாவிலிருந்து ஹங்கேரிக்குக் கொண்டுபோன குரங்குகளிடம் அது அகப்பட்டது. 1965-இல் வெளியுலகுக்குச் சொன்னார்கள். நம் கோயில்களில் தேங்காய்மூடி பறிக்கிற குரங்கு அல்ல, வடக்கே வாழும் ரீசஸ் குரங்கு. அந்தக் காலத்தில் ஆராய்ச்சிக்கென்று ஆயிரக்கணக்கில் கூண்டிலடைத்து அனுப்பினோம். 1978-இல்தான் தடை வந்தது. கிருமிக்கு மைக்கோபாக்டீரியம் சிமியே என்று குரங்கின் பெயரையே வைத்துவிட்டார்கள். பாவம் குரங்கு! குழாய்த் தண்ணீரிலும் இதைக் கண்டெடுத்திருக்கிறார்கள்.

காசநோய்க் கிருமிக்கு இது பங்காளி. சளியில் சாயமேற்றி நுண்ணோக்கியில் பார்த்தால் இரண்டும் ஒரே மாதிரிச் சிவப்புக் குச்சிகள். முட்டை கலந்த ஊடகத்தில் வளர்க்க வாரக்கணக்கில் காத்திருக்க வேண்டும். இருட்டில் நிறமில்லாமல் கிடக்கும், வெளிச்சம் பட்டால் மஞ்சளாகும். காசநோய்க் கிருமியை அடையாளம் காட்டும் பழைய நியாசின் சோதனையிலும் தேறிவிடும். ஆள்மாறாட்டத்தில் அவ்வளவு கெட்டி!

காசநோய் மருந்துகளான ஐசோநயாசிட், ரிஃபாம்பிசின், எத்தாம்பியூட்டால் மூன்றுக்கும் பெரும்பாலும் மசியாது. மெழுகு போன்ற கொழுப்பு உறை மருந்தை எளிதில் உள்ளே விடுவதில்லை. அதனால் இருமல் நிற்காதபோது, ஒருநாள்கூடத் தவறாமல் மாத்திரை சாப்பிட்டவரிடமே, "நடுவில் விட்டுட்டீங்களா?" என்று கேட்பார்கள். அந்தக் கேள்வி எனக்கு உறுத்துகிறது.

நுண்ணோக்கியில் கிருமி தெரிகிறது, காசநோய்க் கிருமியின் மரபணுவைத் தேடும் சிபிநாட் சோதனை காசநோய் இல்லை என்கிறது. இப்படி முடிவு வந்தால் சளியை வளர்த்து இனம் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள். ஒருமுறை கிருமி அகப்பட்டதும் நோய் என்று முடிவுகட்ட முடியாது, தண்ணீரிலிருந்தும் ஒட்டியிருக்கலாம். திரும்பவும் சளி எடுத்து, நெஞ்சுப் படத்தோடு ஒப்பிட்டுத்தான் மருத்துவர் தீர்மானிப்பார். அப்புறம் கிளாரித்ரோமைசின், மாக்சிஃப்ளாக்சசின் என்று வேறு மருந்துகளைச் சேர்த்து, சிகிச்சை ஒரு வருடத்துக்கும் மேல் ஓடும்.

எல்லோருக்கும் வருகிற நோயல்ல. பழைய காசநோய்த் தழும்போ, வருடக்கணக்கில் சுவாசித்த கல்தூசியோ உள்ள நுரையீரல்தான் இதற்குத் தோது. கல் உடைக்கும் கிரஷரில் வேலை பார்த்தவர்கள் அதை மருத்துவரிடம் மறக்காமல் சொல்லுங்கள்.

இன்னொன்று, வீட்டிலிருக்கும் பெண்களுக்கு. சிமியே என்று உறுதியானால், அது பொதுவாக ஒருவரிடமிருந்து இன்னொருவருக்குத் தொற்றுவதில்லை. இருமுகிறவரின் தட்டையும் டம்ளரையும் திண்ணைக்கு ஒதுக்கியிருந்தால், உள்ளே எடுத்து வைத்துவிடுங்கள்.