கீரையும் இருதயமும்

பிழைப்பை நாடி வெளி மாநிலங்களில் குடியேறிய நாம், தோசைக் கல்லையும் காப்பி பில்டரையும் மறவாமல் கொண்டுவந்தோம். வாசலில் கூவிக் கீரை விற்ற கிழவியைக் கொண்டுவர இயலவில்லை. அதனால் பல இல்லங்களில் கீரை சமைக்கும் வழக்கமே அருகிவிட்டது. இது நாவின் ருசியை மட்டும் பொறுத்ததன்று, இருதயத்தையும் பொறுத்ததாகும்.

கீரையிலும் பயறு வகைகளிலும் ஃபோலேட் என்னும் உயிர்ச்சத்து உண்டு. இலையைக் குறிக்கும் லத்தீன் சொல்லிலிருந்து பிறந்த பெயர் இது. இதன் வரலாற்றில் நம் நாட்டிற்கும் பங்குண்டு. 1928-இல் பம்பாய்க்கு வந்த லூசி வில்ஸ் என்னும் ஆங்கில மருத்துவர், நெசவாலைப் பெண்களைக் கர்ப்ப காலத்தில் வாட்டிய இரத்தசோகையை ஆராய்ந்தார். ஈஸ்ட் சாறு அதைத் தீர்ப்பதாக 1931-இல் அறிவித்தார். அச்சாற்றில் இருந்தது ஃபோலேட்டே என்பது பின்னர் விளங்கிற்று.

இதற்கும் இருதயத்திற்கும் என்ன தொடர்பு? நம் இரத்தத்தில் ஹோமோசிஸ்டீன் என்றொரு பொருள் உண்டாகிறது. ஃபோலேட்டும் பி-12 உயிர்ச்சத்தும் சேர்ந்து அதனை வேறொரு நல்ல பொருளாக மாற்றுகின்றன. பிறவிக் கோளாற்றால் ஹோமோசிஸ்டீன் மிகுந்து இறந்த குழந்தைகளின் இரத்தக் குழாய்கள் முதியோருடையவைபோல் தடித்திருந்ததை 1969-இல் கில்மர் மக்கல்லி எடுத்துக்காட்டினார்.

அப்படியாயின் மாத்திரை விழுங்கினால் போதுமே என்று தோன்றலாம். 2006-இல் வெளியான பெரும் சோதனைகள் அவ்வெண்ணத்தைப் பொய்ப்பித்தன. மாத்திரையால் ஹோமோசிஸ்டீன் குறைந்தது, மாரடைப்போ குறையவில்லை. ஆனால் சீனாவில் நடந்து 2015-இல் வெளியான ஆராய்ச்சியில், இரத்தக் கொதிப்புள்ள இருபதாயிரத்திற்கும் மேற்பட்டோரில், கொதிப்பு மருந்துடன் ஃபோலிக் அமிலமும் உண்டவர்களுக்குப் பக்கவாதம் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு குறைந்தது. இரத்தத்தில் இச்சத்து குறைந்தவர்களுக்கே அதிகப் பயன் கிட்டிற்று. எனவே, குறை நேராமல் உண்பதே நாம் கொள்ளவேண்டிய பாடம்.

ஓர் எச்சரிக்கையும் உண்டு. மரக்கறி உணவினரிடம் பி-12 குறைவது இயல்பு. ஃபோலிக் அமில மாத்திரை இரத்தசோகையைப் போக்கி அக்குறையை மறைத்துவிடும். நரம்புகளோ உள்ளூரக் கெடும். ஆகவே, வைத்தியரைக் கேளாமல் மாத்திரையை நாடலாகாது; அவர் தந்த மருந்தை நிறுத்தவும் கூடாது. பாலும் தயிரும் உணவில் இருக்கட்டும்.

மும்பைச் சந்தையில் 'மாட்' என்றும், கொல்கத்தாவில் 'லால் சாக்' என்றும் விற்பவை நம் தண்டுக்கீரையின் இனமே. தில்லியில் பாலக்கும் வெந்தயக்கீரையும் மலியும். ராஜ்மாவும் கொண்டைக்கடலையும் எங்கும் கிடைக்கும். கீரையைக் குறைந்த நீரில் விரைவாக வேகவைத்து, அந்நீரைக் கொட்டாமல் மசித்துக்கொள்வோம். கொட்டும் நீரோடு சத்தும் போய்விடும். ஊர் மாறினாலும் நம் இலையில் கீரைக்குரிய இடம் மாறவேண்டியதில்லை.