பெருஞ் சக்கரமும் காற்றின் அளவும்

திருகோணமலைத் துறைமுகத்தின் பெருமையைப் பேசுவோர் அதன் ஆழத்தையும், பெருங்கப்பல்களும் அச்சமின்றி ஒதுங்கி நிற்கத்தக்க அதன் அமைதியையும் எடுத்துரைப்பர். அத்துறைமுகத்தைச் சூழ்ந்த நிலம் மூவகைப்பட்டது என்பதையோ சக்கரத்தை நம்பிப் பிழைப்போரே நன்கறிவர். நிலாவெளி, குச்சவெளி, புல்மோட்டை என நீளும் வடகரையில் மணல். மூதூர், கிண்ணியா, கந்தளாய்ப் பகுதிகளின் வயல்களில் சேறு. இவற்றை இணைப்பது தார் வீதி. முன்னர் தோணிப்பாதைக்காகக் காத்து நின்ற வண்டிகள், 2009ஆம் ஆண்டில் 396 மீற்றர் நீளமான கிண்ணியாப் பாலம் திறக்கப்பட்ட பின் நில்லாது ஓடுகின்றன. காலையில் சேற்றில் இறங்கிய உழவு இயந்திரம் மாலையில் நெல் மூட்டைகள் நிறைந்த பெட்டியோடு வீதியில் செல்கிறது. இரண்டு நிலத்துக்கும் பூட்டியிருப்பது ஒரே ரயர். அதனுள் அடைத்த காற்றும் ஒரே அளவாய் இருக்கலாமா என்பதே ஆராயத்தக்க வினா.

வண்டியைத் தாங்குவது ரப்பர் எனப் பலர் எண்ணுவர். ரப்பர் ஒரு பை மாத்திரமே. பெரும்பாலும் பாரத்தைத் தாங்குவது அதனுள் இருக்கும் காற்றே. ஒரு சக்கரத்தின்மேல் 1,200 இறாத்தல் பாரம் இருப்பதாகக் கொள்வோம். காற்றின் அழுத்தம் சதுர அங்குலத்துக்கு 30 இறாத்தலாயின், ரயர் ஏறக்குறைய 40 சதுர அங்குல நிலத்தில் பதிந்து நிற்கும். அழுத்தத்தை 15 ஆகக் குறைத்தால் அப்பரப்பு 80 சதுர அங்குலமாக விரியும். பாரம் மாறவில்லை, அது நிலத்தின்மேல் பரவிய விதமே மாறியது. இறுகிய ரயர் மணலை வெட்டிப் புதைகிறது. தளர்ந்த ரயர் மணலின்மேல் ஒட்டகத்தின் பாதத்தைப் போல் விரிந்து நடக்கிறது.

இவ்வுண்மையை உலகம் பட்டறிந்தே கற்றது. 1930ஆம் ஆண்டையொட்டிய காலத்தில் லிபியப் பாலைவனத்தை மோட்டார் வண்டிகளிற் கடந்த ரால்ப் பாக்னோல்ட், காற்றைக் குறைத்தே மணற்குன்றுகளை வென்றார். 1932ஆம் ஆண்டில் அமெரிக்காவின் அலிஸ்-சால்மர்ஸ் நிறுவனம், இரும்புச் சக்கரம் பூண்டிருந்த உழவு இயந்திரத்துக்குக் குறைந்த அழுத்தமுள்ள காற்று ரயரைப் பூட்டியது. 1942ஆம் ஆண்டளவில் உருவான ‘டக்’ என்னும் நீர்நில ஊர்தியில், ஓட்டுநர் தம் ஆசனத்தில் இருந்தவாறே ரயரின் காற்றைக் கூட்டவும் குறைக்கவும் வழி செய்யப்பட்டது. கடலிலிருந்து மணலுக்கும், மணலிலிருந்து வீதிக்கும் ஏறும் ஊர்திக்கு அவ்வசதி இன்றியமையாததாயிற்று.

குறைந்த காற்று நல்லதாயின் எப்போதும் குறைத்தே வைக்கலாமே என்று கேட்கலாம். அங்கேதான் ஆபத்து இருக்கிறது. தளர்ந்த ரயரின் பக்கச்சுவர், சக்கரம் சுழலுந்தோறும் மடங்கி நிமிர்கிறது. மடங்குவதால் வெப்பம் பிறக்கிறது. மெல்ல நகரும் வயலில் அவ்வெப்பம் ஆறிவிடும். பாரத்தோடு வீதியில் விரைந்தாலோ ஆறுவதற்கு நேரமில்லை. ரப்பரும் உள்ளிழைகளும் ஒன்றைவிட்டொன்று பிரிந்து ரயர் வெடிக்கும். மணலுக்காகக் காற்றைக் குறைத்தவர், தார் வீதியில் ஏறுமுன் அதை மீண்டும் நிரப்பியாக வேண்டும். தளர்ந்த ரயரோடு மணலிற் சடுதியாகத் திருப்பினாலும், ரயரின் விளிம்பு றிம்மைவிட்டுக் கழன்றுவிடக்கூடும்.

தொழிற்சாலை பூட்டிய ரயரை நீக்கி அதனிலும் பெரியதைப் பூட்டுவோர் வேறொரு தவறும் இழைக்கின்றனர். வண்டியின் கதவோரத்தில் அச்சிட்ட அளவு பழைய ரயருக்கு உரியது. காற்றின் கொள்ளளவு கூடிய பெரிய ரயர், அதே பாரத்தைக் குறைந்த அழுத்தத்திலேயே தாங்கும். எவ்வளவு குறைவு என்பதை ஒவ்வோர் அச்சின் பாரத்தையும் நிறுத்தறிந்து, ரயர் செய்தோர் தரும் அட்டவணையோடு ஒப்பிட்டுத் துணிதல் வேண்டும். பின்னர் எளிய சோதனை ஒன்றுண்டு. ரயரின் முகத்தில் குறுக்காக வெண்கட்டியால் கோடிட்டு, சமமான தரையில் சிறிது தூரம் நேராக ஓட்டுக. நடுப்பகுதி மாத்திரம் அழிந்தால் காற்று மிகுதி. ஓரங்கள் மாத்திரம் அழிந்தால் காற்றுக் குறைவு. கோடு முழுதும் ஒருசேர அழிந்தால் அளவு ஒத்தது. காற்றை அளப்பது வண்டி ஓடுமுன், ரயர் குளிர்ந்திருக்கையில். ஓடிச் சூடேறிய ரயரில் அழுத்தம் உயர்ந்து காட்டும். அதைக் கண்டு காற்றைத் திறந்துவிடுதல் தவறு. அளவுமானியும் செம்மையானதாதல் வேண்டும். 30 இறாத்தலில் 3 இறாத்தல் பிழை பத்தில் ஒன்று. 12 இறாத்தலில் அதே பிழை நான்கில் ஒன்று.

இனி, சமநிலை. பெரிய ரயரின் ஓரிடத்தில் 100 கிராம் மிகையாக இருப்பதாகவும், சக்கரத்தின் ஆரை அரை மீற்றர் எனவும் கொள்க. மணிக்கு 18 கிலோமீற்றர் வேகத்தில் அம்மிகை அரைக் கிலோகிராம் பாரமளவில் வெளியே இழுக்கும். வேகம் 72 ஆனதும் அவ்விழுப்பு 8 கிலோகிராமாகிறது. வேகம் நான்கு மடங்காக, இழுப்பு பதினாறு மடங்காகிறது. ஆதலின் வயலில் உணரப்படாத குறை, வீதியில் சுக்கானைப் பிடித்த கையை நடுக்குகிறது. அச்சின் மூட்டுகளைத் தேய்க்கிறது. றிம் சிறிதாகவும் ரயர் பெரிதாகவும் இருப்பின், றிம்மில் வைக்கும் ஈயக்கட்டியின் எடையும் அதற்கேற்பக் கூடவேண்டும். எனவே முதலில் றிம்மின் உட்புறத்துச் சேற்றைக் கழுவுக. ரயரை றிம்மின்மேல் திருப்பிவைத்து, ஒன்றின் பாரப்பக்கம் மற்றதன் இலேசான பக்கத்தோடு பொருந்தச் செய்க. எஞ்சிய குறைக்கு மாத்திரம் ஈயத்தை நாடுக.

யாவற்றிலும் மேலானது மனித உயிர். பெரிய ரயருக்குக் காற்றடிக்கும் இளைஞன், அதன்மேற் குனிந்து நிற்றல் ஆகாது. நீண்ட குழாயின் நுனியை வால்வில் பொருத்திவிட்டு விலகி நிற்றல் வேண்டும். இரும்புக் கூண்டு இருப்பின் சக்கரத்தை அதனுள் இடுதல் சாலச் சிறந்தது. விளிம்பு பொருந்தவில்லையென ரயரில் குறித்த எல்லையைக் கடந்து காற்றேற்றுவதும், எரிபொருள் ஊற்றித் தீமூட்டிப் பொருத்துவதும் உயிரோடு விளையாடுதலாகும்.

அறுவடை முடிந்து வீடு திரும்பும் தொழிலாளர் பலர் பெட்டியின்மேல் அமர்ந்து வருகின்றனர். அவர்கள் காணாத காற்றே அவர்களைத் தாங்கி வருகிறது. புறப்படுமுன் அதனை அளந்து பார்க்கச் செலவாவது சில நிமிடங்களே. அச்சில நிமிடங்களை ஒதுக்கும் ஓட்டுநர், தம்மை நம்பி ஏறியவர்களுக்குத் தாம் பட்ட கடனைச் செவ்வனே செலுத்தியவராவார்.