விளக்கு தரையைப் பார்க்கட்டும்!



நகரத்து இரவு வெளிச்சத்தால் நாம் பெற்றது அதிகமா, இழந்தது அதிகமா? இழந்ததுதான் அதிகம் என்று சொல்ல வந்திருக்கிறேன்.

நம்ம கல்யாணத்துல அம்மி மிதிச்சு அருந்ததி பார்க்கிற சடங்கு இருக்கு. ஐயர் வானத்தைக் காட்டி, "தெரியுதா?"ன்னு கேப்பார். பட்டப்பகல்! மாப்பிள்ளை "தெரியுது"ம்பார். பொண்ணும் "தெரியுது"ம்பா. இல்லறமே பொய்யிலதான் ஆரம்பிக்குது! (சிரிப்பு) ஆனா அந்தக் காலத்துல ராத்திரி மொட்டைமாடிக்குப் போனா, சப்தரிஷி மண்டலத்துல வசிட்டரை ஒட்டி மங்கலா அருந்ததி நிஜமாவே தெரியும். இன்னிக்கு அம்பத்தூர்ல பகல்ல சொன்ன பொய்யை ராத்திரியும் சொல்ல வேண்டியிருக்கு! (சிரிப்பு, கைதட்டல்)

சங்கத் தமிழன் அருந்ததியை வடமீன் என்றான். கார்த்திகையை அறுமீன் என்றான். எண்ணிப் பார்த்துப் பெயர் வைத்தவன் அவன். அவன் பேரப்பிள்ளைகளுக்கு எண்ணுவதற்கு வானத்தில் என்ன மிச்சம்? மனித குலத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேற்பட்டவர்கள் பால்வீதியையே பார்க்க முடியாத இடங்களில் வாழ்கிறார்கள் என்று 2016இல் விஞ்ஞானிகள் கணக்குச் சொன்னார்கள்.

என் பேத்தியைக் கோட்டூர்புரம் பிர்லா கோளரங்கத்துக்குக் கூட்டிட்டுப் போனேன். வெளியே வந்ததும் கேட்டா: "தாத்தா, நட்சத்திரமெல்லாம் கோட்டூர்புரத்துலதான் இருக்குமா?" சிரிக்கிறீங்க. எனக்குச் சிரிப்பு வரலை.

நஷ்டம் நமக்கு மட்டுமா? பெசன்ட் நகர், நீலாங்கரை மணலில் பொரிக்கும் ஆமைக்குஞ்சு, வெளிச்சம் இருக்கும் பக்கம்தான் கடல் என்று நம்பி நகரும். தெருவிளக்கு அதைச் சாலைக்கு இழுத்துவிடுகிறது. அதனால்தான் முட்டையை எடுத்துப் பாதுகாத்து, குஞ்சுகளைக் கடலில் விட இரவெல்லாம் தொண்டர்கள் நடக்கிறார்கள்.

எதிரணித் தலைவி கேட்டாங்க: "எஸ்டேட்ல ரெண்டாவது ஷிப்ட் முடிச்சு வர்ற பொண்ணு இருட்டுல நடக்கணுமா?" நியாயமான கேள்வி. என் மகளும் வேலைக்குப் போறவதான். விளக்கை அணைங்கன்னு நான் சொல்லவே இல்லையே! அந்தப் பொண்ணு நடக்கிறது தரையில. வெளிச்சம் மேகத்துக்குப் போனா அவளுக்கு என்ன லாபம்? கண்ணுல நேரா அடிக்கிற விளக்குக்குப் பின்னால ஒருத்தன் நின்னா அவளுக்குத் தெரியாது. மேலே மூடி போட்டுக் கீழே பார்க்க வையுங்க. அத்தனை வெளிச்சமும் அவ காலடியில விழும். வானத்துக்குப் போற வெளிச்சத்துக்கும் நாமதானே கரண்ட் பில் கட்டுறோம்! (கைதட்டல்)

நான் கேட்பது நாலு காரியம். ஒன்று, விளக்குக்கு மேல்மூடி. இரண்டு, இளமஞ்சள் நிறம். நீலம் கலந்த வெள்ளை ஒளி காற்றில் அதிகமாகச் சிதறும். பகல் வானம் நீலமாக இருப்பதும் அதனால்தான். பல்பு அட்டையில் 3000 கெல்வினோ அதற்குக் குறைவோ இருக்கிறதா என்று பாருங்கள். மூன்று, கடை அடைத்தால் விளம்பரப் பலகையும் அடங்கட்டும். நான்கு, நள்ளிரவுக்கு மேல் ஆளில்லாத இடத்தில் ஒளியைக் குறைத்து, ஆள் வந்தால் கூட்டும் கருவி.

நடக்கிற காரியமா என்பீர்கள். லடாக்கில் ஹான்லே என்ற ஊர். அங்கே 2022 டிசம்பரில் 1,073 சதுர கிலோமீட்டரை இருள் வானக் காப்பகமாக அறிவித்தார்கள். ஜனங்கள் ஜன்னலுக்குத் திரை போட்டார்கள், விளக்குக்கு மூடி போட்டார்கள். இன்று நட்சத்திரம் பார்க்க வருகிறவர்களால் அவர்களுக்கு வருமானம்! நம் ஜவ்வாது மலைக் காவலூரில் வைணு பாப்பு என்ற விஞ்ஞானி ஆய்வுக்கூடம் அமைத்ததும் இருட்டை நம்பித்தான். 1988இல் அங்கே கண்டுபிடித்த குறுங்கோளுக்கு நம் கணித மேதை ராமானுஜன் பெயர் வைத்தார்கள். மலையடிவார ஊர்களின் வெளிச்சம் அங்கேயும் ஏறினால் அடுத்த ராமானுஜனை எங்கே தேடுவது?

நிறைவாக ஒன்று. 1986 ஏப்ரல். பிளஸ் டூ பரீட்சை எழுதி முடிச்சிருந்தேன். விடியறதுக்கு முன்னால அப்பா என்னை எழுப்பி, ஆவடியில ஏரிக்கரைக்குக் கூட்டிட்டுப் போனார். தெற்கு வானத்துல பஞ்சுத் திட்டு மாதிரி ஹாலி வால்நட்சத்திரம். "நல்லா பார்த்துக்கடா. அடுத்த தடவை வரும்போது நான் இருக்கமாட்டேன்"னார். இன்னிக்கு அப்பா இல்லை.

அது மறுபடி 2061இல் வரும். நான் இருக்கப் போவதில்லை. என் பேத்தி இருப்பாள். அவள் பிள்ளையைக் கைப்பிடித்து அதே கரைக்கு வருவாள். விருந்தாளி சொன்ன தேதிக்கு வந்துவிடுவார், நடுவர் அவர்களே! அவரைப் பார்க்கக் கொஞ்சம் இருட்டை நாம் மிச்சம் வைத்திருப்போமா?

(பலத்த கைதட்டல்)